மீனம்பாக்கத்தில் சிறுவிமானங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் சிறுவிமானங்களுக்கென்று ஒரு விமான நிலையம் இல்லை. மும்பைக்கு ஜுஹு இருக்கிறது. பெங்களூருக்கு ஜக்கூரும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற விமானத் தொழிற்சாலையின் பழைய எச்.ஏ.எல். நிலையமும் இருக்கின்றன. ஹைதராபாத்துக்குப் பேகம்பேட்டை இருக்கிறது. 1910-லேயே வானில் ஒரு விமானத்தை அண்ணாந்து பார்த்த சென்னைக்கு மட்டும் அப்படி ஒன்று வாய்க்கவில்லை. இதற்கு இடப்பற்றாக்குறை, அக்கறையின்மை என்று பொதுவாகக் காரணம் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. மற்ற நகரங்களில் பெரிய விமான நிலையம் வேறிடத்துக்குப் போனபோது, பழைய களம் சிறுவிமானங்களின் கைக்கு வந்தது. சென்னையில் பெரிய நிலையம் எங்கும் போகவில்லை. சிறுவிமானங்கள் பறந்த அதே களத்தின் மேல் அது வளர்ந்து நிறைந்தது. மீனம்பாக்கத்தின் கதையை இந்த ஒரு கோணத்திலிருந்து ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சிறுவிமானப் பறத்தல் என்று இங்கே சொல்வது துறையினர் ஜெனரல் ஏவியேஷன் என்று குறிப்பிடும் பிரிவை. கால அட்டவணைப்படி பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் விமானங்களையும் ராணுவ விமானங்களையும் கழித்துவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் இதுதான்: பயிற்சி விமானங்கள், சொந்த விமானங்கள், நிறுவனங்களின் சிறிய ஜெட்கள். நோயாளிகளை ஏற்றிவரும் ஆம்புலன்ஸ் விமானங்களும் வாடகை விமானங்களும் நில அளவைக்கும் புகைப்படத்துக்கும் பறப்பவையும் விதிமுறைக் கணக்கில் வெவ்வேறு தலைப்புகளில் வரலாம். தரையில் அவற்றுக்கு வேண்டிய இடமும் வசதியும் ஒன்றே என்பதால் அவற்றையும் இங்கே சேர்த்தே பார்க்கிறேன்.

தொடக்கம்

மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த கோர்சிகா தீவுக்காரரான ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறை உதவியோடு ஒரு விமானத்தைத் தாமே கட்டி, பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். அதை இந்தியாவின் முதல் விமானப் பறப்பு என்றே பலரும் கருதுகிறார்கள். அவர் சோதனைக்குத் தேர்ந்த பல்லாவரம் பகுதியின் நில அமைப்பு கவனிக்கத்தக்கது. திரிசூலம், பல்லாவரம் குன்றுகளுக்கும் அடையாற்றுக்கும் இடையே கிடக்கும் அந்தச் சமவெளி மரமடர்ந்ததோ நெருக்கமாகக் குடியேறப்பட்டதோ அல்ல. அருகே பரங்கிமலையில் ராணுவக் குடியிருப்பு. ரயில் பாதையும் டிரங்க் ரோடும் பக்கத்திலேயே. சிறிய விமானம் ஒன்றுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

1930-ஐ ஒட்டி மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் உருவானது. இந்தியாவின் பெரிய நகரங்களில் அரசின் ஆதரவோடு பறத்தல் கழகங்கள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்ட காலம் அது. அந்தக் கழகங்களின் விமானம் பெரும்பாலும் டி ஹாவிலண்ட் மாத். இரண்டு அடுக்கு இறக்கையும் திறந்த இருக்கையும் கொண்ட அந்த விமானம் இறங்குவதற்குச் சில நூறு மீட்டர் புல்தரை போதும். அது கல்லிட்ட ஓடுபாதையைக் கேட்கவில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையை நோக்கி இறங்க ஒரு திறந்த வெளியைத்தான் கேட்டது. மீனம்பாக்கம் முதலில் அப்படி ஒரு திறந்த வெளியாகத்தான் இருந்தது என்பதை இன்றைய முனையக் கட்டடங்களின் முன்னால் நின்றுகொண்டு மனத்தில் கொண்டுவருவது கடினம்.

அட்டவணைப் போக்குவரத்தும் சிறுவிமானத்தின் வழியாகவே சென்னைக்கு வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறக்கச் செய்தவர் நெவில் வின்சென்ட். அவர்கள் ஓட்டியது புஸ் மாத் என்ற ஒற்றை இன்ஜின் விமானம். இன்று ஒரு பெருநகர நிலையத்தில் அந்த அளவு விமானம் இறங்க அனுமதி கேட்டால், முதலில் எழும் கேள்வி அதை எந்த இடைவெளியில் நுழைப்பது என்பதாகவே இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. ராணுவம் விட்டுச்சென்ற டகோட்டா விமானங்களை வாங்கிப் பல தனியார் நிறுவனங்கள் தொழிலில் இறங்கின. 1949-ல் இரவுத் தபால் சேவை தொடங்கி, சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடித் தபால் மாற்றிக்கொண்டன. 1953-ல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. ஒவ்வொரு மாற்றத்திலும் மீனம்பாக்கத்தின் ஓடுபாதை நீண்டது, தடித்தது. கழகத்தின் விமானங்களோ அதே அளவில் இருந்தன. 1958-ல் முதல் முறையாகப் பறந்த எச்.ஏ.எல். புஷ்பக், நாட்டின் பறத்தல் கழகங்களுக்கென்றே கட்டப்பட்டது. அதன் இன்ஜின் 90 குதிரைத்திறன்தான்.

அந்தக் காலத்தின் உயரத்தைக் காட்ட ஒரு தம்பதியைக் குறிப்பிட வேண்டும். கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும், மதராஸ் அரசுக்காக வாங்கப்பட்ட டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவரான உஷா பயிற்சி பெற்றது ஜக்கூரில். சிறிய களங்கள் உருவாக்கிய மனிதர்கள் இவர்கள். இத்தகையோர் உருவாவதற்குத் தேவையான களம் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

நெருக்கடி எப்படி உண்டாகிறது

1985-ல் திரிசூலத்தை ஒட்டிப் புதிய உள்நாட்டு முனையமும் 1989-ல் பன்னாட்டு முனையமும் வந்தபோது, பயணிகள் போக்குவரத்து வடகிழக்கு ஓரத்தில் இருந்த பழைய மீனம்பாக்கம் முனையத்தை விட்டு நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது கட்டடம்தான், ஓடுபாதை அதேதான். இங்கேதான் சென்னையின் வழி மற்ற நகரங்களின் வழியிலிருந்து பிரிகிறது. பம்பாயில் போக்குவரத்து 1948-ல் ஜுஹுவிலிருந்து சாந்தாகுரூஸுக்குப் போனபோது ஓடுபாதையே வேறானது. ஜுஹு சிறுவிமானங்களுக்கும், பின்னாளில் பம்பாய் ஹை எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்களுக்கும் மிஞ்சியது.

ஒரே ஓடுபாதையைப் பயணியர் விமானக்காரர்களும் சிறுவிமானக்காரர்களும் பகிர்ந்துகொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பகிரலாம், நீண்ட காலம் பகிர்ந்துகொண்டும் இருந்தார்கள். பறப்புகளின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டிய பிறகு அது ஏன் முடியாமல் போகிறது என்பதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். இல்லையென்றால் அதிகாரிகளின் பிடிவாதம் போலவோ கழகங்களின் முனகல் போலவோ தோன்றிவிடும்.

செஸ்னா 152 என்ற இருவர் அமரும் பயிற்சி விமானத்தின் உச்ச எடை சுமார் 757 கிலோ. ஏர்பஸ் ஏ320-ன் எடை ஏறத்தாழ அதைப்போல் நூறு மடங்கு. இறங்குவதற்கு நெருங்கும்போது ஏ320 சுமார் 135 முதல் 140 நாட் வேகத்தில் வரும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்). செஸ்னா 60 முதல் 65 நாட். ஓடுபாதைக்கு முந்தைய 10 கடல் மைலைக் கடக்க ஏர்பஸ்ஸுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும் என்றால், செஸ்னாவுக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னால் வருகிற பெரிய விமானத்தால் அந்த வேகத்துக்கு இறங்கி வர முடியாது. அதைச் சுற்றவிட வேண்டும், அல்லது சிறியதைச் சுற்றவிட வேண்டும். சுற்றவிடப்படுவது எப்போதும் சிறியதுதான். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிவரும் விமானத்துக்கு முன்னுரிமை தரும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரைக் குறை சொல்லவும் முடியாது.

இதோடு முடியவில்லை. பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து சுழல்காற்று பின்னால் விரியும். காற்று குறைவாக உள்ள நேரத்தில் அது சீக்கிரம் கலையாது. 7,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானம் அதில் சிக்கினால் குப்புறப் புரண்டுவிடக்கூடும். அதனால் பன்னாட்டு விதிப்படி, ஏ320 போன்ற நடுத்தர வகை விமானத்தின் பின்னால் இறங்கும் இலகு விமானத்துக்கு 5 கடல் மைலும், கனவகைக்குப் பின்னால் இறங்குவதற்கு 6 கடல் மைலும் இடைவெளி விட வேண்டும். 65 நாட் வேகத்தில் 5 கடல் மைல் என்பது நான்கரை நிமிடத்துக்கு மேல். நெரிசல் நேரத்தில் அந்த நான்கரை நிமிடத்தில் இரண்டு பயணியர் விமானங்கள் இறங்கிவிடலாம்.

பயிற்சி என்பதோ ஒரு முறை இறங்கி முடிந்துவிடுகிற வேலையும் அல்ல. மாணவர் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையைத் தொட்டு, நிற்காமல் மறுபடி எழும்ப வேண்டும். சர்க்யூட் என்று சொல்லப்படும் இந்தச் சுற்று ஒரு மணி நேரத்தில் எட்டோ பத்தோ நடந்தால்தான் இறங்கும் பழக்கம் கைக்கு வரும். பயணியர் விமானங்கள் வரிசைகட்டி வரும் நிலையத்தில் இப்படிச் சுற்றுவதற்கு இடமே இல்லை.

மீனம்பாக்கத்தில் இரண்டாவது ஓடுபாதை இருக்கிறதே என்பார்கள். முதன்மை ஓடுபாதை சுமார் 3,660 மீட்டர்; இரண்டாவது, அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதில் வெட்டும் இடத்தைத் தாண்டி எதுவும் ஓட முடியாது. இணையாக அமைந்திருந்தால் ஒரு பாதையின் ஓரத்தையாவது சிறுவிமானங்களுக்குக் குறித்த நேரங்களில் ஒதுக்கியிருக்கலாம். ஆறும் குன்றும் குடியிருப்பும் அந்த இணைப்பாதைக்கு இடம் தரவில்லை.

இதனால் பயிற்சிக்குக் கிடைத்த நேரம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. வெளியாருக்குத் தெரியாத ஒரு செய்தி இதில் உண்டு. பயிற்சிக் கட்டணம் பெரும்பாலும் இன்ஜின் ஓடும் நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஓடுபாதை முனையில் மூன்று பெரிய விமானங்களுக்காகப் பயிற்சி விமானம் காத்து நின்றால், அந்தக் காத்திருப்புக்கும் மாணவர் பணம் கட்டுகிறார், எதையும் கற்காமலே. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். நகைகளை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மூரில் ஏராளம்; அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிகளை நோக்கி மாணவர்கள் போவதற்குக் காற்றும் வானிலையும் மட்டும் காரணமல்ல. எரிபொருளும் ஒரு காரணம்தான். பயிற்சி விமானத்துக்கு வேண்டிய ஏவ்காஸ் 100 எல்.எல். நீண்ட காலம் இறக்குமதியாகவே வந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் அதை வடோதரா அருகே உள்ள சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது.

சுற்றிலும் பூட்டிய வானம்

ஓடுபாதை மட்டுமே சிக்கல் என்றால் பத்து மைல் தள்ளி ஓர் எளிய களம் போதும். சென்னையின் வானமே நெருக்கமானது. மீனம்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம். விமானப்படையின் பறத்தல் ஆசிரியர் பள்ளி 1954-லிருந்து அங்கேதான் இயங்கிவருகிறது. மேற்கே அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கப்பட்ட கடற்படையின் ராஜாளி தளம். தெற்கே கடலோரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றித் தடைசெய்யப்பட்ட வான்பரப்பு. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாள்களில் மூடப்படும் பகுதி. கிழக்கே கடல். நான்கு பக்கமும் யாரோ ஒருவரின் வேலி. ஒரு மாணவர் முதன்முறையாகத் தனியாகப் பறக்க, திசை தவறினாலும் யாருக்கும் தொல்லை தராத அளவுக்கு ஒரு துண்டு வானம் வேண்டும். இந்த வரைபடத்தில் அதைத் தேடினால், செங்குன்றத்தைத் தாண்டி வடக்கிலும் வடமேற்கிலுந்தான் கண் நிற்கிறது.

அங்கேதான் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த அந்த ஓடுதளம் போருக்குப் பின் சிறுவிமானங்களுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது. தைப் பொங்கலையும் பிப்ரவரியையும் ஒட்டிய வாரங்களில் சோழவரம் என்றாலே சென்னைவாசிகளுக்குப் பந்தயம்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனிப் பந்தயத்தளம் வரும்வரை அது நீடித்தது. அந்தப் பந்தயங்களின் மதிப்பை நான் குறைக்கவில்லை. இந்திய மோட்டார் பந்தயம் அங்கே வளர்ந்தது. ஆனால் 1950-களில் மீனம்பாக்கம் இன்னும் நெரிசலாகாத காலத்தில், பந்தயத்துக்கு வேறிடம் கண்டு, சோழவரத்தைப் பறத்தலுக்கு ஒதுக்கியிருந்தால், சென்னையின் ஜுஹுவாக அது ஆகியிருக்கும். நெருக்கடி வரும்வரை மாற்றிடத்தின் தேவை யாருக்கும் தெரியவில்லை. நெருக்கடி தெரிந்த காலத்தில் இடம் எட்டாமல் போய்விட்டது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த ஒன்றுதான்.

மாநிலத்தின் மற்ற போர்க்கால ஓடுதளங்களின் கதியும் ஏறக்குறைய இதுவே. உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று பட்டியல் நீளும். வெகுகாலம் ஆடு மேய்ந்த இடங்கள் அவை. இப்போது பயிற்சிக்கென்று வெளியூர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பயிற்சி நிறுவனங்களுக்காக 2022-ல் தேர்ந்த நிலையங்களில் சேலமும் ஒன்று. இவை நல்ல முயற்சிகள். ஆனால் சென்னையில் வாழும் இளைஞர் ஒருவருக்கு, கல்லூரிக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் பறக்கக் கற்கும் வாய்ப்பை இவை தரா.

சிறிய நிலையம் யாருக்கு

சிறுவிமானம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சென்னையின் தேவைகளைப் பார்த்தால் அது சரியில்லை என்பது தெரியும். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நோயாளிகள் சிகிச்சைக்கு வரும் நகரம் இது. ஆம்புலன்ஸ் விமானங்கள் இங்கே அடிக்கடி இறங்குகின்றன. தமிழ்நாட்டின் உறுப்புக்கொடைத் திட்டம் 2008-லிருந்து நாட்டுக்கே முன்மாதிரியாக நடந்துவருகிறது. கொடையாளியின் உடலிலிருந்து எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். மதுரையிலோ கோவையிலோ எடுத்த இதயம் சென்னைக்கு வர வேண்டுமானால், பயணியர் விமானத்தின் நேரம் பொருந்தாதபோது தனி விமானமோ ஹெலிகாப்டரோதான் வழி. அப்படி வரும் விமானத்துக்கு முன்னுரிமை கிடைத்துவிடுகிறது. ஆனால் அதைக் காத்து நிறுத்த இடம், எரிபொருள், பழுதுபார்க்கும் ஹேங்கர், இரவில் விமானி தங்கும் அறை ஆகியவை பெரிய நிலையத்தில் எப்போதும் எஞ்சியதைக் கொண்டே அமைகின்றன.

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி 1949-லிருந்து இருக்கிறது, வானூர்திப் பொறியியல் படித்தவர்களை இந்த நகரம் முக்கால் நூற்றாண்டாக உருவாக்குகிறது, அப்துல் கலாம் அவர்களில் ஒருவர். அந்த மாணவர்கள் தாங்கள் வடிவமைத்த விமானத்தைப் பக்கத்துக் களத்தில் பறக்கவிட்டுப் பார்க்க முடிவதில்லை. வெள்ளமும் புயலும் வரும்போது மீனம்பாக்கமே மூழ்கினால் மாற்றுக்களம் எது என்ற கேள்வியும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது நிலையம் ஏறத்தாழ ஐந்து நாள் மூடிக் கிடந்தது. பயணிகளின் அவசரப் போக்குவரத்து அப்போது அரக்கோணம் கடற்படைத் தளத்துக்குத் திரும்பியது. மருந்தும் மருத்துவரும் ஏற்றிய சிறிய விமானம் இறங்குவதற்கென்று நகரத்துக்கு அருகே ஒரு குடிமைத்தளம் இருந்திருக்கலாம்.

பரந்தூருக்கு முன்

2022 ஆகஸ்டில் பரந்தூர் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடமாக அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்படும் அந்தத் திட்டத்தை ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் எதிர்த்துவருகிறார்கள். வயலையும் ஏரியையும் இழப்பவர்களின் கேள்விக்குச் சிறுவிமானங்களைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் திட்டம் நிறைவேறினால், மீனம்பாக்கத்தைத் தொடர்ந்து இயக்குவதா, எந்த அளவில் இயக்குவதா என்ற முடிவு வந்தே தீரும். சென்னை தன் வாழ்நாளில் முதன்முறையாக, மற்ற நகரங்கள் பெற்ற அந்த வாய்ப்பைப் பெறும்: பெரிய போக்குவரத்தின் ஒரு பகுதியாவது வேறிடம் போவதால் பழைய களத்தில் நேரமும் இடமும் மிஞ்சும் வாய்ப்பு.

ஹைதராபாத்தும் பெங்களூரும் 2008-ல் புதிய நிலையங்களைத் திறந்தபோது, பழைய நிலையங்களில் வணிக விமானங்கள் இயங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் கட்டாயமாக இருந்தது. புதிய நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் கூடாது என்ற விதியை வைத்தார்கள். பேகம்பேட்டையும் எச்.ஏ.எல். நிலையமும் சிறுவிமானங்களுக்கும் சிறப்பு விமானங்களுக்கும் பயன்படத் தொடங்கியது அந்த விதி அனுமதித்த எல்லைக்குள்தான். டெல்லியின் சஃப்தர்ஜங் இதற்கு நேர்மாறு. 1929-ல் தொடங்கிய அந்தக் களத்தில், 2000-களின் தொடக்கத்தில் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சிறுவிமானங்களின் பறப்பு நிறுத்தப்பட்டது. களம் இருந்தும் அவை பறக்கவில்லை. களத்தைக் காப்பது மட்டும் போதாது, அதன் பயன்பாட்டையும் எழுத்தில் காக்க வேண்டும் என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது.

ஆகவே பரந்தூர் நிலையத்தை இயக்கப்போகும் நிறுவனத்தோடு போடப்படும் ஒப்பந்தத்தில், மீனம்பாக்கத்தில் சிறுவிமானங்கள் பறப்பதும் பயிற்சி நடப்பதும் எக்காலத்திலும் போட்டியாகக் கருதப்படாது என்ற பிரிவு இருக்க வேண்டும். இரண்டாம் ஓடுபாதையின் பயிற்சி நேரம் கட்டுப்பாட்டாளரின் அன்றைய முடிவுக்கு விடப்படாமல் அட்டவணையாக எழுதப்பட வேண்டும். ஆம்புலன்ஸ் விமானங்களுக்கான நிறுத்துமிடமும் ஹேங்கரும் ஏவ்காஸ் நிரப்பும் வசதியும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். நிறுவனங்கள் ஒப்பந்தப் புள்ளி கொடுப்பது பிரிவுகளைப் படித்துவிட்டுத்தான். கையொப்பம் ஆன பிறகு ஒரு சொல்லைக்கூட எளிதில் சேர்க்க முடியாது. பேசவேண்டிய நேரம், ஒப்பந்தப் புள்ளி கோரும் அறிவிப்பு வருவதற்கு முன்பு.